இழுவை போய் நிற்கும் இடம்

பாகூர்ப் பக்கம் ஒரு வண்டி சேற்றில் இறங்கிவிட்டால் கால் மணி நேரத்துக்குள் அங்கே ஒரு கூட்டம் கூடிவிடும். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் கையைக் கழுவிக்கொண்டு கரையேறி நிற்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் சைக்கிளைப் பனைமரத்தில் சாத்திவிட்டு, நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்துக் குந்திக்கொள்வார்கள். ஒருவர் வீட்டிலிருந்து தாம்புக்கயிறு எடுத்துவருவார். இன்னொருவர் சேடை ஓட்டிக்கொண்டிருந்த டிராக்டரை கேஜ் வீலோடு அப்படியே கொண்டுவந்து நிறுத்துவார். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. காசை நீட்டினால் கோபித்துக்கொள்வார்கள்.

ஜீப்பின் முன்பக்கம் இழுப்புக் கொக்கியை எங்கே வைப்பது, எப்படி வைப்பது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டதற்குக் காரணம் இந்தக் கூட்டம்தான். இழுக்கும்போது இரும்பு பிய்த்துக்கொண்டு பறந்தால், வண்டிக்குள் இருப்பவனுக்கு முன்னால் பானட்டும் கண்ணாடியும் இருக்கின்றன. கரையில் குந்தியிருக்கும் பிள்ளைக்கு முன்னால் எதுவும் இல்லை.

இங்கத்து மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரியும் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாக வந்து பாகூர் ஏரியை நிரப்புகிறது. ஏரிக்குக் கீழே கண்ணுக்கெட்டியவரை நெல். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று இந்தக் கொம்யூனைச் சொல்வது சும்மா இல்லை. நெல் விளைகிற மண் வண்டிக்கு ஆகாத மண். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் தை பிறக்கும்வரை வண்டிப்பாதையில் ஈரம் வற்றாது. மேலே பொருக்குக் கட்டியிருக்கும். முன்சக்கரம் ஏறியதும் பொருக்கு உடைந்து உள்ளே வாங்கும். வடக்கே வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணி ஓரத்திலும் இதே கதைதான். சுடுமண் பொம்மைகளுக்குப் பேர்போன ஊர் அது. அந்தக் களிமண்ணைக் கையில் பிசைந்து பார்த்தவர்களுக்கு, அதில் டயர் சிக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டாம். கிழக்கே மணப்பட்டு, மூர்த்திக்குப்பம் பக்கம் சவுக்குத் தோப்பைத் தாண்டினால் கடற்கரை மணல். மணலில் டயர் காற்றைப் பாதியாக இறக்கிவிட்டாலே பெரும்பாலும் வண்டி தானாக ஏறி வந்துவிடும். களிமண் அப்படி விடாது. சக்கரத்தைச் சுற்றிக் கவ்விக்கொண்டு கீழே உறிஞ்சும்.

எங்கள் வண்டி பழைய மகிந்திரா எம்எம் 540 ஜீப். உள்ளே இருப்பது பெஜோ வடிவமைத்த 2,112 சிசி டீசல் எஞ்சின். வேகம் வராது, மெதுவாக, விடாமல் இழுக்கும். மாமாவுக்கு முடியாமல் போனபோது நிலத்தோடு சேர்ந்து இந்த ஜீப்பும் என் பொறுப்புக்கு வந்தது. விதைநெல், உர மூட்டை, பம்புசெட் மோட்டார், அறுப்புக் காலத்தில் ஆட்களுக்குச் சோறு, எல்லாம் இதில்தான் போகும். ஆளும் சுமையும் ஏறினால் எடை இரண்டு டன்னை ஒட்டி வரும்.

சிக்கிய வண்டியை வந்த வழியே பின்பக்கமாக இழுப்பதுதான் எப்போதும் நல்லது. சக்கரம் போட்ட தடம் ஏற்கெனவே இருக்கிறது, பின்னால் இருப்பது தாண்டி வந்த கெட்டித் தரை. டிரெய்லர் மாட்டுவதற்காகப் பின்பக்கச் சட்டத்தில் உறுதியான அமைப்பும் இருக்கும். ஆனால் எங்கள் வண்டிப்பாதைகள் ஒரு வண்டி அகலம்தான். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல். பின்னால் டிராக்டர் வந்தாலும் திரும்ப இடமிருக்காது. உதவிக்கு வரும் டிராக்டர் பெரும்பாலும் எதிரே வயலுக்குள்ளிருந்துதான் ஏறி வரும். ஆகவே இங்கே முன்பக்கக் கொக்கி அவசியம்.

கயிற்றோடு வருகிறவர் குனிந்ததும் முதலில் பார்ப்பது பம்பரை. பம்பர் என்பது ஒரு தகடு. சேசிஸின் இரண்டு கொம்புகளில் சில போல்ட்டுகளில் நிற்கிறது. முன்னாலிருந்து இடித்தால் தாங்குவதற்காக வைத்தது அது, முன்பக்கமாகப் பிடுங்குவதற்கு வைத்ததில்லை. அடுத்து கண்ணில் படுவது கமான் பட்டையின் முன்முனை. எம்எம் 540-இல் முன்பட்டை சேசிஸோடு சேரும் இடத்தில் இரண்டு சின்ன இரும்புத் தொங்கல்கள் உண்டு. பட்டை வளைந்து நிமிரும்போது அவை முன்னும் பின்னும் ஆடும். கொக்கி மாட்ட வாகான இடம்தான். ஆடுவதற்காகவே செய்த அந்தத் துண்டில் இழுத்தால் அதைப் பிடித்திருக்கும் ஆணி வளைந்து, பட்டை இடம் மாறி, முன் ஆக்சில் கோணிக்கொள்ளும். அதையும் விட்டால் ஸ்டியரிங் ராடு. இரண்டு சக்கரங்களையும் சேர்க்கும் அந்தத் தண்டு உருண்டையாக, கயிறு போடத் தோதாக இருக்கும். அதில் கட்டி இழுத்து, சேற்றிலிருந்து வெளியே வந்தபோது சக்கரங்கள் ஆளுக்கொரு திசை பார்த்துக்கொண்டு நின்ற வண்டியை நான் பார்த்திருக்கிறேன்.

புது வண்டிகளில் வேறு குழப்பம். கம்பெனியிலிருந்து வரும்போதே அடியில் ஒன்றிரண்டு வளையங்கள் இருக்கும். பலவற்றில் அவை லாரியிலோ கப்பலிலோ ஏற்றும்போது வண்டி ஆடாமல் கட்டிவைப்பதற்கு மட்டும்தான். பம்பரில் சின்ன மூடியைக் கழற்றித் திருகிப் பொருத்தும் வளையமும் உண்டு. நடுரோட்டில் நின்றுபோன வண்டியை, சக்கரம் உருள, இன்னொரு வண்டி கூட்டிக்கொண்டு போவதற்கு அது. ஐரோப்பாவின் 77/389 என்ற பழைய விதிப்படி இழுப்பு வளையம் வண்டியின் மொத்த எடையில் பாதி அளவு இழுவையைத் தாங்கினால் போதும். தார் ரோட்டுக்கு அது தாராளம். சேற்றின் கணக்கு வேறு. அமெரிக்க ராணுவத்தின் வண்டி மீட்புக் கையேட்டில் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது: சக்கர ஆழம் புதைந்த வண்டியை எடுக்க அதன் எடை அளவுக்கு இழுவை வேண்டும், மட்கார்டு ஆழம் என்றால் இரண்டு மடங்கு, அதற்கும் மேலே போய்விட்டால் மூன்று மடங்கு. எங்கள் ஜீப் மட்கார்டு வரை இறங்கினால் நான்கு டன். பாதி எடைக்கு என்று செய்த வளையம் ஒரு டன்னுக்குத்தான் பொறுப்பு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கலக்கியதற்குக் காரணம், அதற்கு முன்பே ஏரிக்கரையில் ஒரு சாயங்காலம் நான் கண்ணால் பார்த்தது. பறவை பார்க்க வெளியூரிலிருந்து வந்த சிலருடைய ஜீப் கரையிலிருந்து சரிந்து, முன்பக்கம் சேற்றில் குத்திக்கொண்டு நின்றது. பம்பரில் அழகான சிவப்பு வளையங்கள் இரண்டு இருந்தன. எங்கள் டிராக்டர்காரர் அதில் ஒன்றில் கம்பி வடத்தை மாட்டினார். மெதுவாக இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. கொஞ்சம் பின்னால் வந்து தொய்வு விட்டு, வெடுக்கென்று கிளப்பினார். பட்டாசு வெடித்தது என்றுதான் முதலில் நினைத்தோம். வளையம் பம்பரின் ஒரு துண்டையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு, வடத்தோடு சுழன்று, டிராக்டரைத் தாண்டிப் போய்க் கரையோரப் பனையில் அடித்தது. ஆள் நெஞ்சு உயரத்தில் சிராம்பு தெறித்து நார் வெளியே தெரிந்தது. சற்று முன்புவரை அந்தப் பனையடியில் இரண்டு பையன்கள் நின்றிருந்தார்கள். வீட்டில் கூப்பிட்டார்கள் என்று போயிருந்தார்கள்.

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் போய் அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தேன். வளையத்தை பம்பரோடு சேர்த்த வெல்டு அப்படியே இருந்தது, ஒரு மயிரிழைகூட விடவில்லை. வெல்டைச் சுற்றியிருந்த தகடுதான் ஓரமாகக் கிழிந்து வந்திருந்தது. தகட்டின் கனம் மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. வளையத்தின் மேல் ஏதோ டன் கணக்கு அச்சடித்திருந்தார்கள். வளையம் அதைத் தாங்கியிருக்கும். வளையத்தைத் தாங்கிய தகட்டைப் பற்றித்தான் யாரும் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் ஜீப்பை எடுத்துக்கொண்டு வில்லியனூர் ரோட்டில் லேத் வைத்திருந்த ஒரு பெரியவரிடம் போனேன். முதலியார்பேட்டை ஏஎஃப்டி மில்லில் பிட்டராக இருந்தவர். கையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும்.

“முன்னாடி ரெண்டு காது வெக்கணும் ஐயா. இழுக்கறதுக்கு.”

“வெச்சிடலாம் தம்பி. எங்க வெக்கறது?”

“அதத்தான் ஐயா கேக்க வந்தேன்.”

அவர் ஒரு கோணியை விரித்து ஜீப்புக்கு அடியில் படுத்தார். என்னையும் பக்கத்தில் படுக்கச் சொன்னார். கொம்பின் நுனியில் சாக்பீஸை வைத்தார். “இழுவை இங்க புடிக்குதுன்னு வெச்சுக்க. இங்கேர்ந்து எங்க போவுது?” கோடு பின்பக்கமாக நகர்ந்தது. “இந்த போல்ட்டுக்கு. போல்ட்டுலேர்ந்து இந்தச் சேனலுக்கு. சேனல்லேர்ந்து குறுக்குச் சட்டத்துக்கு. இங்க வந்ததும் ரெண்டு பக்கத்துச் சேனலும் சேந்துக்குது, வண்டி மொத்தமும் புடிச்சுக்குது.” குறுக்குச் சட்டத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார். “இழுவை இங்க வந்து நிக்குது. அதுவரைக்கும் நடுவுல இருக்கற ஒவ்வொண்ணும் தாங்கணும். ஒண்ணு விட்டாலும் மிச்சம் இருக்கறது வீண்.”

நான் வைத்துக்கொண்டிருந்த கேள்விகள் எல்லாவற்றுக்கும் அந்தக் கோட்டிலேயே பதில் இருந்தது. தேரிலும் இதே கதைதான். வில்லியனூர் திருக்காமீஸ்வரர் தேரை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வடம் பிடித்த வழக்கம், இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிப்பதாகத் தொடர்கிற தேர் அது. எந்த ஊர்த் தேரிலும் வடம் அடிச்சட்டத்தில்தான் மாட்டியிருக்கும். மேலே எத்தனை அலங்காரம், எத்தனை பொம்மைகள் இருந்தாலும் இழுவை அவற்றின் பக்கமே போகாது. ஜீப்பில் பம்பர் அந்த அலங்காரத்தோடு சேர்ந்தது.

வெல்டா, போல்ட்டா என்பதில் நானும் அவரும் ஒரு மதியம் முழுக்கப் பேசினோம். நல்ல வெல்டர் வைத்த வெல்டு சாமானியமாக விடாது. ஆனால் சேசிஸ் இரும்பு சூடுபட்ட ஓரத்தில் குணம் மாறிவிடும். பல வருடம் குலுங்கியபின் அந்த ஓரத்தில்தான் வெடிப்பு விடும், அதுவும் பெயின்ட்டுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல். போல்ட்டை ஒவ்வொரு வருடமும் கழற்றிப் பார்க்கலாம். சந்தேகம் வந்தால் மாற்றலாம். தலையில் 8.8 என்று பொறித்த 12 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று குறுக்குவாட்டில் அறுபடுவதற்கே சுமார் நான்கு டன் வேண்டும். பக்கத்துக்கு நான்கு போட்டால் போல்ட்டைப் பற்றிய கவலை தீர்ந்தது. தலையில் எந்த எண்ணும் இல்லாத போல்ட் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும். அதை இந்த வேலைக்கு வாங்கவே கூடாது.

ஒவ்வொரு கொம்பையும் உள்ளே ஒரு தகடு, வெளியே ஒரு தகடு என்று இரண்டு பக்கமும் அணைத்துக்கொள்ளும்படி 12 மில்லிமீட்டர் கனத்தில் தகடு வெட்டினோம். போல்ட்டுகள் குறுக்காக ஊடுருவி எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கும். வெளித்தகடு பம்பருக்கு வெளியே நீண்டு, அதன் நுனியில் காது. பெரியவர் காதின் துளையை கேஸ் வைத்து வெட்டாமல் டிரில்லில் போட்டார். கேஸ் வெட்டு விளிம்பில் பல் பல்லாக விடும், ஒவ்வொரு பல்லும் ஒரு வெடிப்புக்குத் தொடக்கம். துளைக்கும் தகட்டின் ஓரத்துக்கும் நடுவே துளையின் அகலத்தைவிட அதிகமாகவே இரும்பு விட்டார். பிறகு அரத்தை எடுத்து உட்கார்ந்து, விளிம்பை இரண்டு பக்கமும் உருட்டினார். அவர் அரம் பிடித்த விதத்தை இன்றைக்கும் சொல்ல முடியும்: இடதுகைக் கட்டைவிரல் அரத்தின் நுனியில், தள்ளும்போது மட்டும் அழுத்தம், திரும்பும்போது தூக்கிவிடுவார். முடித்தபின் துளைக்குள் தன் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தார். என்னையும் விட்டுப் பார்க்கச் சொன்னார். இப்போதெல்லாம் காதையும் பட்டையையும் இணைக்கும் இரும்பு வளையமான ஷாக்கிளுக்குப் பதிலாக டைனீமா நாரில் முடைந்த ஷாக்கிள் வந்திருக்கிறது. எடை குறைவு, அறுந்தாலும் இரும்பைப் போல அடிக்காது, ஆனால் கூரான விளிம்பு பட்டால் உடனே வெட்டுப்படும். அந்த விளிம்பை உருட்டி வைத்தது இப்போது இரட்டிப்பாக உதவுகிறது.

திறந்த கொக்கியை வேண்டாம் என்று முடிவு செய்ததும் எங்கள் ஊர் வழக்கத்தைப் பார்த்துத்தான். கொக்கியில் கயிற்றை மாட்டுவது சுலபம், சேற்றில் ஷாக்கிளின் பின்னைத் தேட வேண்டியதில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் கயிறு ஒரு நொடி தொய்ந்தாலும் கொக்கியிலிருந்து நழுவிவிடும், அடுத்த நொடி டிராக்டர் இழுக்கும். மூடிய காதில் ஷாக்கிள் போட்டால் அது நடக்காது. ஷாக்கிளின் பின் தொலையாமல் இருக்க அதை மெல்லிய சங்கிலியில் கட்டிவைத்துவிட்டேன்.

ஷாக்கிள் வாங்கும்போதும் கண் வேண்டும். கடலோர ஊர்களில் படகுச் சாமான் விற்கும் கடைகளில் பளபளவென்று கிடைக்கும். படகைக் கட்டிவைக்க அது போதும். இழுவைக்கு வாங்குவதில் உடம்பிலேயே சுமை அளவு புடைத்து எழுதியிருக்க வேண்டும். நான் வாங்கியது 4.75 டன், வளைவு 19 மில்லிமீட்டர், பின் 22 மில்லிமீட்டர். தூக்குவேலைக்கு வரும் இந்த ரகத்தில், எழுதிய அளவைப் போல ஆறு மடங்கு சுமையில்தான் முறியும் என்ற கணக்கில் செய்திருப்பார்கள். ஆனால் அந்த அளவு நேராக இழுத்தால் மட்டும். 45 பாகை சாய்வாக இழுத்தால் எழுபது சதவீதம்தான் மிச்சம், பக்கவாட்டில் முழுக்கச் சாய்ந்தால் பாதி. வாய்க்கால் ஓரத்தில் சிக்கிய வண்டியை யாரும் நேராக இழுப்பதில்லை. டிராக்டர் நிற்க இடம் கிடைத்த பக்கம்தான் இழுவை. ஆகவே கணக்கில் எப்போதும் பாதியை வைத்துக்கொள்வதே சரி.

உயரமும் முக்கியம். அழகுக்காகத் தாழ்வாக வைத்த காது, வண்டி இறங்கும்போது சேற்றுக்குள் போய்விடும். கையை விட்டுத் துழாவ வேண்டும். கொம்பின் மட்டத்திலேயே வைத்தால் மட்கார்டு வரை போனாலும் மேலே தெரியும். கடைசியில் இரண்டு காதுகளுக்கும் நல்ல மஞ்சள் பெயின்ட் அடித்தேன். உதவிக்கு வருகிறவர் குனிந்து பார்க்கும்போது ஸ்டியரிங் ராடுக்கு முன்னால் அது கண்ணில் பட வேண்டும். நான் வண்டியில் இல்லாதபோதும் யாராவது இழுப்பார்கள் அல்லவா.

பெரிய இரும்பு பம்பராக, முன்கம்பியோடு செய்து மாட்டிவிட்டால் எல்லாம் அதிலேயே அடங்கிவிடுமே என்று சொன்னவர்கள் உண்டு. 2017 டிசம்பரில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இந்தப் புல் பார்களுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி அவை விதிமீறல். நடந்து போகிறவர்மேல் இடித்தால் அந்தக் கம்பி செய்கிற காயம் கொடியது. எனக்கு அந்த விதி முழு மனதோடு சம்மதம். சேற்றில் ஒருவரைக் காப்பாற்றும் இரும்பு, பாகூர்க் கடைத்தெருவில் இன்னொருவரைக் கொல்லும்படி இருக்கக் கூடாது. எங்கள் காதுகள் பம்பர் விளிம்பை விட்டு நான்கு விரல்கடைகூட நீளவில்லை, நுனியும் உருட்டியதுதான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியது. கரையேறியபின் நகராமல் எங்கள் தலைமேலேயே நின்றது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை. ஊரில் வயதானவர்கள்கூட அப்படி ஒரு மழையைப் பார்த்ததில்லை என்றார்கள். மழை விட்டதென்று மூச்சு விடுவதற்குள், டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டு, தென்பெண்ணை இரண்டு கரையும் புரண்டு வந்தது. சோரியாங்குப்பம், குருவிநத்தம் என்று ஆற்றோரத்து ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்தது. வடக்கே சங்கராபரணியிலும் வெள்ளம்.

தண்ணீர் வடியத் தொடங்கியபின் அரிசி, குடிதண்ணீர் கேன், போர்வை, பால் பவுடர் எல்லாம் ஏற்றிக்கொண்டு ஆற்றோரத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தோம். வெள்ளம் விட்டுப்போன வண்டல் ரோட்டின் மேல் படிந்து, எது ரோடு, எது வாய்க்கால் கரை என்று தெரியாமல் இருந்தது. ஓரிடத்தில் ரோட்டோரம் அடியில் மண் அரித்துப் போயிருந்தது. தார் மட்டும் மேலே நின்றது. எங்களுக்கு முன்னால் ஒரு டிராக்டர் அந்த இடத்தைத் தாண்டிப் போயிருந்தது. எங்கள் இடது முன்சக்கரம் ஏறும்போது தார் உடைந்து, ஜீப் மட்கார்டு வரை அந்தப் பக்கமாக இறங்கி உட்கார்ந்தது. கீழே வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

முன்னால் போன டிராக்டர்காரர் திரும்பி வந்தார். தூரத்துச் சொந்தம், எனக்குப் பெரியப்பா முறை. ஊர்க்காரர்கள் வெள்ளத்தில் எல்லாம் போன நிலையிலும் ஓடி வந்தார்கள். பெரியப்பா மஞ்சள் காதைப் பார்த்ததும், “அட, இதுக்குன்னே வெச்சிருக்கியா?” என்று கேட்டுவிட்டுச் சங்கிலியை ஒரே காதில் மாட்டப் போனார்.

“ரெண்டுலயும் மாட்டணும் பெரியப்பா. ஒண்ணுல இழுத்தா சேசிஸ் கோணிடும்.”

சங்கிலிக்குப் பதிலாக என் பட்டைகளை எடுத்தேன். நான் வைத்திருந்தது அதிகம் நீளாத பாலியஸ்டர் பட்டைகள். குலுக்கி இழுக்கும் நைலான் பட்டைக்கு எங்கள் ஊரில் வேலையே இல்லை என்பது என் கருத்து. அது தன் நீளத்தில் கால்வாசிவரை நீண்டு, இழுத்த விசையை அப்படியே தேக்கி வைத்திருக்கும். ஆஸ்திரேலியாவில் டிரெய்லர் மாட்டும் உருண்டையில் அந்தப் பட்டையை மாட்டி இழுத்து, உருண்டை முறிந்து பறந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். டிராக்டரிடம் இருக்கிற மெதுவான, கனமான இழுவை நமக்குக் கிடைத்திருக்கும்போது வெடுக்கென்று பிடுங்க வேண்டிய அவசியம் என்ன?

ஒரு பட்டையை இரண்டு காதுகளுக்கும் நடுவே போட்டு, அதன் நடுவிலிருந்து டிராக்டருக்கு இன்னொரு பட்டை. பெரியப்பா பட்டையைச் சுருக்கமாகக் கட்டச் சொன்னார். நான் முடிந்தவரை நீளமாக விட்டேன். பட்டையின் இரண்டு கைகளும் விரிந்து நின்றால் ஒவ்வொரு கையிலும் இழுவை ஏறும்: நடுவே 60 பாகை இருந்தால் மொத்த இழுவையில் 58 சதவீதம், 120 பாகை என்றால் முழு இழுவையும் ஒவ்வொரு காதிலும். அதோடு இரண்டு கொம்புகளையும் ஒன்றை நோக்கி ஒன்று நெருக்கவும் செய்யும். அந்த நேரத்தில் இதையெல்லாம் விளக்க முடியுமா? “நீளமா இருந்தாத்தான் பெரியப்பா பாரம் கம்மியாவும்” என்றேன். தலையாட்டினார். கயிறு தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை போதும்.

இழுப்பதற்கு முன்னால் மண்வெட்டியால் புதைந்த சக்கரத்தைச் சுற்றிப் பறித்தோம். வண்டல் உறிஞ்சிப் பிடித்திருக்கும். காற்றுப் போக ஒரு வழி விட்டாலே பாதிப் பாரம் குறையும். சக்கரத்துக்கு முன்னால் சரிவாக வெட்டி, வெள்ளத்தில் வந்து ஒதுங்கிக் கிடந்த பனம் வரிச்சுகளைப் போட்டோம். நனைந்த கோணிச் சாக்கு ஒன்றைப் பட்டையின் நடுவில் தொங்கவிட்டேன், அறுந்தால் கீழே அழுத்திப் போட. பிறகு கூட்டம். பட்டை எவ்வளவு நீளமோ அதைப்போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு எல்லோரையும் போகச் சொன்னேன். பெரியவர்கள் தள்ளிப் போனார்கள். பிள்ளைகள் போன மாதிரி போய்த் திரும்பி வந்தார்கள். ஒரு அம்மா தடி எடுத்துக்கொண்டு அவர்களைக் கோயில் திண்ணைவரை ஓட்டிக்கொண்டு போய் அங்கேயே காவல் நின்றார். அவர் செய்த காரியத்துக்கு நான் இரண்டு கையையும் கூப்பினேன்.

பெரியப்பா லோ கியரில் போட்டு, பட்டை நிமிரும்வரை அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். பட்டை நிமிர்ந்து, தண்ணீர்த் துளிகள் அதிலிருந்து சொட்டின. நான் முதல் கியரில், நான்கு சக்கர இழுவையில், ஆக்சிலேட்டரை மிதிக்காமல் விட்டேன். கொம்புப் பக்கம் ஒரு முனகல் கேட்டது. போல்ட்டுகள் தகட்டைக் கடித்துக்கொள்ளும் ஓசை அது. ஜீப் முதலில் மேலே எழும்பி, அப்புறம் முன்னால் வந்தது. வரிச்சுகள் நொறுங்கின. வண்டி ரோட்டில் ஏறி நின்றபோது நான் இறங்கி முதலில் பார்த்தது காதுகளைத்தான். மஞ்சள் பெயின்ட்டில் ஷாக்கிள் பட்ட இடம் மட்டும் தேய்ந்திருந்தது. கொம்பில் பெயின்ட் வெடிக்கவில்லை. அங்கே வெடித்திருந்தால் இரும்பு அசைந்திருக்கிறது என்று அர்த்தம். பால் பவுடர் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

இப்போது பெரியப்பா மகன் தன் பிக்கப்புக்கு அதே காதுகள் வேண்டும் என்கிறான். அது அப்படியே ஒத்து வராது. அந்த வண்டியின் சேசிஸ் திறந்த சேனல் இல்லை, நான்கு பக்கமும் மூடிய பெட்டி. குறுக்காகப் போல்ட் போட்டு இறுக்கினால் பெட்டி நசுங்கும். நசுங்கிய இடத்தில் போல்ட் தளரும், தளர்ந்த போல்ட் துளையைத் தின்னும். பெட்டிக்குள் போல்ட் போகும் ஒவ்வொரு இடத்திலும் கனமான குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, அதற்குள் போல்ட்டை விட வேண்டும். இறுக்கும் பாரத்தைக் குழாய் வாங்கிக்கொள்ளும். முன்பக்கம் ரேடியேட்டருக்குக் கீழே பழைய ஜீப்பில் இருக்கிற இடமும் இல்லை, அதனால் தகட்டின் வடிவத்தை மாற்ற வேண்டும். லேத் பெரியவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. ஆனாலும் அடியில் படுத்துச் சாக்பீஸில் கோடு போடத் தானே வருவேன் என்கிறார். குழாய் வெட்டியாகிவிட்டது, தகடு அட்டையில் வரைந்து வைத்திருக்கிறோம். ஐப்பசி மழைக்கு முன்னால் மாட்டி முடித்தாக வேண்டும்.